மத்தியானத் தாழ்ப்பாள்

தண்ணீர்க் குடத்தோடு அடுக்களைப் படி ஏறும்போதுதான் முதலில் மூச்சு முட்டியது. இரண்டே படி. குடத்தை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுபதுகளின் தொடக்கம் அது. மகள் பால் மறந்திருந்த சமயம். பிள்ளை பெற்ற பலவீனம் என்று சொல்லி ஆட்டீரல் சூப்பு வைத்துக் கொடுத்தார்கள். குடித்தேன். அப்புறம் கால் வீங்கியது.

தூத்துக்குடியில் டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். மைட்ரல் வால்வு சுருக்கம் (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள கதவு சரியாகத் திறக்காமல் போவது) என்றார். சிறு வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் விட்டுப்போன வினையாம். டிஜாக்சின் (இதயத்துடிப்பைச் சீராக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

"மத்தியானம் நீங்க தூங்குவீங்களா?"

"கடையப் பூட்டிட்டு வந்து ஒரு கண் அசருவேன் டாக்டர்."

"இவங்க?"

"இவ எதுக்கு?" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

துறைமுகத்துப் பக்கம் எங்களுக்குக் கயிற்றுக் கடை. ஒரு மணிக்குப் பூட்டினால் நாலு மணிக்குத்தான் திறப்பு. ஊரே அப்படித்தான். அவர் மீன்குழம்பும் சோறுமாகச் சாப்பிட்டு உள்ளறையில் மின்விசிறிக்கடியில் படுத்தார் என்றால், வீட்டில் உரல் இடிக்கக் கூடாது, அம்மி அரைக்கக் கூடாது. சத்தம் வராத வேலையெல்லாம் அந்த நேரத்துக்கென்று ஒதுக்கியிருக்கும். நானும் அவர் அம்மாவான அத்தையும் பின்கட்டில் அரிசியில் கல் பொறுக்குவோம். ஆண்பிள்ளையின் தூக்கத்துக்குக் காவல் இருப்பதுதான் எங்கள் மத்தியானம்.

சாப்பிட்டபின் தலையணையை உயர்த்தி வைத்து நான் கட்டாயம் தூங்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். படுத்திருக்கும்போது கைகால் கேட்கும் ரத்தம் குறைவு. குறுகிய கதவு வழியே அதை அனுப்ப இதயத்துக்கு அவ்வளவு பாடு இருக்காது. உள்ளறை அவருடையது. எனவே முன்கூடத்தில் பாய் விரித்தேன். காற்றுக்காக வாசல் கதவு திறந்திருந்தது.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் ஆட்களில் ஒரு பெண் நட்டநடு மத்தியானம் படுத்திருந்தால் ஒன்று பிள்ளை பெற்றிருக்க வேண்டும், இல்லை சாகக் கிடக்க வேண்டும். தெருவில் போன யாரோ பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல, மறுநாளே கோயிலிலிருந்து மாதர் சங்கத்துப் பெண்கள் பைபிளோடு வந்து என் பாயைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டு, ஜெபம், அழுகை. நல்ல மனுஷிகள்தான். ஆனால் தினமும் வந்தார்கள். அதுவும் சரியாக நான் கண்ணை மூடும் நேரத்துக்கு.

பாட்டுச் சத்தத்தில் தூக்கம் போகிறது என்று என் கணவர் தலையணையை எடுத்துக்கொண்டு கடைக்கே போய்விட்டார். எனக்குப் போக எந்தக் கடை இருந்தது?

ஜெபம் முடிந்ததும் அத்தை காதருகே வந்து, "ஏளா, வந்தவுகள வெறும் வாயோட அனுப்பலாமா?" என்பார். எழுந்து போவேன். என் உயிருக்காக மன்றாட வந்தவர்களுக்கு நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். எழுதும்போது இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

ஒரு நாள் காப்பித் தட்டோடு விழுந்தேன். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. வாயில் நுரை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கண் விழித்தபோது டாக்டரம்மா அத்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்திரை சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டா."

"தூங்கினாங்களா?"

அத்தை என் மூக்குக் குழாயைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால காப்பாத்த முடியாதும்மா."

வீடு திரும்பி நன்றாக நடமாடத் தொடங்கிய முதல் நாள் மத்தியானம், காலியாய்க் கிடந்த உள்ளறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"ஏளா, ஜெபத்துக்கு வந்திருக்காவ. தெற."

"தூங்குதேன் அத்தை."

"தூங்குதவ பேசுவாளா?"

"அவுகவுக வீட்ல இருந்து ஜெபம் பண்ணச் சொல்லுங்க, ஆண்டவருக்குக் கேக்கும். காப்பி வேணும்னா கடையில குடிக்கச் சொல்லுங்க!"

வெளியே செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. என் நெஞ்சு படபடவென்று அடித்து, மெல்ல அடங்கியது. பிறகு தூங்கினேன். கல்யாணத்துக்குப் பின் நான் தூங்கிய முதல் பகல் தூக்கம் அது.

இதே நோயோடு இதை வாசிக்கிறவளே, மாத்திரையை மறக்காதே, தாழ்ப்பாளையும் மறக்காதே. பின்னாளில் என் வால்வை அறுவை சிகிச்சையில் விரித்துவிட்டார்கள். அதுவரை என்னைக் கொண்டுசேர்த்தது அந்த மத்தியானங்கள்தான். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஒரே நீளமாகக் கிடந்த என் பகலுக்கு நடுவில் ஒரு கதவு வந்தது. அதற்குள் போனால் என் உடம்பு எனக்கு மட்டும்தான்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கதவு தட்டல். "நாந்தாம்ளா. யாரும் வரல."

திறந்தேன். அத்தை தலையணையோடு நின்றிருந்தார். "கொஞ்சம் தள்ளிப் படு."

படுக்கத் தெரியாதவர் போல விறைத்துப் படுத்து மேலே பார்த்தார். "இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து பகல்ல இந்த மோட்டுவளையப் பாத்ததில்ல ஏளா" என்றார். மாமா இருந்த காலமெல்லாம் இது மாமாவின் மத்தியான அறை. அத்தைமேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் குறட்டை விட்டார்.

இனிப் பாட்டு இருக்காது என்று நினைத்தோ என்னவோ, அன்றைக்கு என் கணவர் தலையணையோடு வீட்டுக்கு வந்தார். கதவைத் தட்டினார்.

"யாரு உள்ள? நான் எங்க படுக்க? காப்பியாவது உண்டுமா?"

நான் எழுந்திருக்கப் போனேன். அத்தை கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"போலே," என்றார் மகனிடம். "கடையில போய்க் குடி."