இருபது என்று எழுதிய மூச்சு

தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் பாதிப் படி ஏறியதும் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என் பையில் மோதி, "வழில நின்னா எப்படி தம்பி?" என்றார். எனக்கு இருபத்திமூன்று வயது. அந்தப் படிகளை இரண்டிரண்டாகத் தாவிப் பழக்கம். அன்று வலது விலாவுக்குக் கீழே குத்தியது. மூச்சு பாதியிலேயே திரும்பி வந்தது.

மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல். பாராசிட்டமால் போட்டுக்கொண்டே டூட்டி பார்த்தேன். நர்சிங் முடித்து, ஜிஎஸ்டி சாலையோர மருத்துவமனை ஒன்றில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நோயாளிகள் 'பிரதர்' என்று கூப்பிடும்போதெல்லாம் ஓர் அங்குலம் உயர்ந்துவிடுவேன்.

அன்று காலையே எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா (தொற்றால் நுரையீரலின் காற்றறைகளில் நீரும் சளியும் நிறைவது). நான் வேலை பார்த்த வார்டிலேயே, நான் எத்தனையோ முறை விரிப்பு மாற்றிய கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஷீபாதான் எனக்கு நர்ஸ். "வாங்க பிரதர், பேஷன்ட்டா பிரமோஷனா?" என்று சிரித்துக்கொண்டே கையில் ஊசி ஏற்றினாள். ஆன்டிபயாட்டிக் சொட்டத் தொடங்கியது. மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

இதைப் படிப்பவர்களில் சிலர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்கள். சிலர் கட்டிலில் இருப்பீர்கள். உங்கள் இரு தரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டும், வெட்கமாக இருந்தாலும். வைட்டல்ஸ் (உடல்சூடு, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு) பார்க்கும்போது மற்றதையெல்லாம் கருவி சொல்லிவிடும். மூச்சை மட்டும் ஒரு முழு நிமிடம் நாம்தான் எண்ண வேண்டும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மார்பின் மேல் வைத்து எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள். மற்றவர்களைப் பார்த்து நானும் எண்ணாமலேயே எழுதப் பழகினேன்: சாதாரண அளவான இருபது. ஆள் தெம்பாகத் தெரிந்தால் பதினெட்டு.

இரண்டாம் நாள் மதியம், ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடியவில்லை என்று கவனித்தேன். விரல்நுனிக் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து என்று சாந்தமாகக் காட்டியது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை அம்மாவிடம் எடுத்துத் தரச் சொன்னேன். மூச்சுக்கான வரிசையில் இருபது, இருபது, இருபது, இருபது.

மூக்கு வழியே ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது விரல்கருவி நல்ல எண்ணையே காட்டலாம். உடம்பு தோற்கத் தொடங்குவதை முதலில் சொல்வது பெரும்பாலும் மூச்சின் வேகம்தான். அதை நானே எண்ணவும் முடியாது. எண்ண நினைத்ததும் அது என் பேச்சைக் கேட்டு மெதுவாகிவிடும்.

அம்மா பொழிச்சலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். லீவு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா... என் மூச்ச ஒரு நிமிஷம் எண்ணு. எப்ப எண்ணுறேன்னு சொல்லாத."

"எதுக்குடா? அதான் அந்தப் பொண்ணு எழுதிட்டுப் போச்சே."

"எண்ணும்மா."

கண்ணை மூடிக்கொண்டேன். "முப்பத்தாறு" என்றாள். "தப்பா எண்ணிட்டேனோன்னு மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டு. கர்த்தாவே, இது ஜாஸ்தியாடா?"

மணியை அழுத்தினேன். ஷீபா வந்தாள்.

"மூச்சு... எண்ணினியா?"

"என்னடா, இன்ஸ்பெக்‌ஷனா? நீ மட்டும் எண்ணிக் கிழிச்சியாக்கும்! உன் சார்ட்ட பாத்தா இந்த ஆஸ்பத்திரியே பதினெட்டுலதான் மூச்சு விடுது."

சிரிக்கப் போனேன். இருமல் வந்தது, நிற்கவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்திருந்தேன். அரை நிமிடத்திலேயே அவள் உதடு வெளுத்தது. ஆனாலும் முழு நிமிடம் எண்ணினாள். "நாப்பது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் வந்து சார்ட்டைப் பார்த்தார். "காலைல இருபதுன்னு யார் போட்டது?"

"நான்தான் மேடம். எண்ணல."

"அப்புறம் பேசலாம். முதல்ல இவர ஐ.சி.யூ.வுக்கு மாத்துங்க."

நுரையீரலைச் சுற்றிச் சீழ் தேங்கியிருந்தது. விலா இடுக்கில் குழாய் செருகி அதை வடித்தார்கள். காற்றை அழுத்தித் தள்ளும் மாஸ்க்கை முகத்தில் இறுக்கிக் கட்டினார்கள். அதற்குள் கிடந்தபோது பம்மல்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தார். ஒரு காலை டூட்டியில் அவருக்குப் பதினெட்டு என்று எழுதினேன். மறுநாள் கட்டில் காலி. "ஐ.சி.யூ. போய்ட்டாரு" என்றார்கள். மேலே எதுவும் கேட்காமல் விரிப்பை மாற்றினேன். அவர் வெளியே வந்தாரா? மாஸ்க்குக்குள்ளிருந்து யாரிடமும் கேட்க முடியவில்லை. கழற்றிய பிறகு கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. பதிலுக்குப் பயம்.

ஐந்தாம் நாள் ஷீபா என்னைப் பார்க்க வந்தாள். "மெமோ குடுத்துட்டாங்க. லேமினேட் பண்ணலாம்னு இருக்கேன்." கண் வீங்கியிருந்தது.

"என் பேரையும் சொல்லியிருக்கலாமே."

"உன் தப்ப நான் ஏன் சொல்லணும்? வாய் இருக்கில்ல உனக்கு?"

வீடு திரும்பும் நாளில் நர்சிங் சூப்பிரண்டென்ட் அறைக்குப் போய் நானே சொன்னேன். எனக்கும் மெமோ வந்தது, ஷீபாவினுடையதை விட ஒரு பத்தி நீளமாக.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். விலாவில் தையல் போட்ட இடம் குனிந்தால் இழுக்கிறது. முன்பெல்லாம் மூச்சு இருப்பதே தெரியாது. இப்போது ஒவ்வொன்றும் உள்ளே எங்கே தொட்டுத் திரும்புகிறது என்று தெரிகிறது.

முதல் கட்டிலில் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்த ஒருவர். மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இன்னா பிரதர், நாடி கெடைக்கலியா?"

"கெடைச்சிடுச்சு சார். அப்படியே இருங்க."

"ஒரே பெட்லயே குடியேறிட்டியா?" என்று இன்சார்ஜ் சிஸ்டர் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். நான் திரும்பவில்லை. முப்பது நொடிதான் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் ஒருவரைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றதே இல்லை. நடுவில் எங்கோ பயத்தில் என் மூச்சையும் சேர்த்து எண்ணிவிட்டேன். கடிகாரத்தின் நொடிமுள் மறுபடி பன்னிரண்டுக்கு வரும்வரை காத்திருந்து, ஒன்றிலிருந்து தொடங்கினேன்.