பம்பாய்க்கும் ரோமுக்கும் நாலரை மணி நேரம்

எங்க ஊட்டுக்காரர் பனியன் சாம்பிள் எடுத்துக்கிட்டு இத்தாலிக்குப் போனது எழுபதுகளின் கடைசியில. வேலம்பாளையத்துல எங்க கம்பெனி, மொத்தம் ஆறு மிஷின். அதுவரைக்கும் அவர் ஏறின உசரம் பழனி மலைதான்.

பம்பாய் வரைக்கும் ரயில். ரயிலுக்கு நான் விரதம் இருக்கலை. தரையோட போற வண்டி, ஏதாச்சும்னா எறங்கிக்கலாம். பிளேன் அப்படியில்லையே! அது கிளம்பினதுல இருந்து ரோமுல எறங்கற வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படாம இருக்கேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். அவர்கிட்டயும் சொல்லித்தான் அனுப்பினேன்.

எத்தனை மணி நேரம்னு எனக்குத் தெரியணும். கம்பெனிக் கணக்குப்பிள்ளை டிக்கெட்டைப் பார்த்து எழுதி வெச்சிருந்தார். பம்பாயில காலை ஏழுக்குக் கிளம்புது, ரோமுல பதினொன்றரைக்கு எறங்குது. "நாலரை மணி நேரமுங்க அக்கா." கட்டிங் மாஸ்டர் பள்ளிக்கூட அட்லஸை மேஜையில விரிச்சு, துணி அளக்கற டேப்பை வெச்சுப் பார்த்து, நாலாயிரம் மைல் வருதுன்னார். நாலரை மணி நேரத்துல நாலாயிரம் மைல்! கோயமுத்தூர் போக பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது. "வெள்ளைக்காரன் கெட்டிக்காரனுங்க"ன்னார் மாஸ்டர். சந்தேகம் ஒருத்தருக்கும் வரலை.

அன்னிக்கு ஏழு மணிக்கு விளக்கேத்தி உட்கார்ந்தேன். பதினொன்றரை அடிச்சதும் கற்பூரம் காட்டிட்டு, அரிசிம்பருப்புச் சோத்துல நெய்யூத்திச் சாப்பிட்டேன். ரெண்டாந்தரமும் போட்டுக்கிட்டேன். நல்ல பசி.

மூணு மணிக்குக் கணக்குப்பிள்ளை சைக்கிள்ல மூச்சு வாங்க வந்தார். "அக்கா, தப்பாயிப் போச்சுங்க. டிக்கெட் போட்ட ஏஜென்டு இப்பத்தான் போன்ல சொன்னாருங்க. அந்த ஊருக் கடிகாரம் நம்மளைவிட நாலரை மணி நேரம் பின்னாடியாமுங்க. டிக்கெட்டுல இருந்தது அந்த ஊரு மணி. மொத்தம் ஒம்பது மணி நேரமுங்க. எறங்கறதுக்கு நமக்கு நாலு மணி ஆயிருமுங்க."

அவர் இன்னும் ஆகாசத்துல. நான் வயிறு நெறைய சோத்தோட. "உங்க கணக்குல இடி விழ!"ன்னு கத்தினேன். பாவம், அந்த மனுசன் வெயில்ல மிதிச்சுக்கிட்டு வந்திருந்தார். உள்ளே ஓடி முருகன் படத்துக்கு முன்னால நின்னு, "தப்பு எங்க கணக்குல சாமி, பிளேன் மேல இல்லை. அதை ஒண்ணும் பண்ணிப்போடாதே"ன்னு அழுதேன். நாலு மணி வரைக்கும் எச்சில்கூட முழுங்கலை.

மறுநாள் தந்தி வந்தது, நல்லபடியாச் சேர்ந்துட்டேன்னு. அப்பத்தான் எனக்கு உசுரே வந்தது.

மூணு வாரம் கழிச்சு ஆர்டரோட வந்து சேர்ந்தார். பிளேன் எப்படி இருந்ததுங்கன்னு கேட்டேன்.

"நம்ம ஊரு மணி பன்னெண்டு இருக்கும், ஒரு குலுக்கு குலுக்குச்சு பாரு! மத்தபடி ஒண்ணுமில்லை. தட்டுத் தட்டாக் கொண்டாந்து நீட்டினாங்க, வேண்டாம்னுட்டேன். ஒம்பது மணி நேரம் தண்ணிகூடக் குடிக்கலை. நீ இங்க பட்டினி கெடக்கறப்ப எனக்கெப்படி அம்மிணி எறங்கும்?"

சோறு போட்டேன். நீயும் உக்காருன்னார். பசியில்லைங்கன்னேன்.