பதினேழாவது நிமிடம்

மாஹிமில் ஒரு சர்ச் ஹாலில் ஞாயிறு காலைகளில் நான்கு பையன்கள் கிடாரும் டிரம்மும் வாசிப்பார்கள். டிரம் வாசித்தவன் என் கல்லூரித் தோழியின் அண்ணன். முதல் முறை நான் போனதற்கு அவ்வளவுதான் காரணம். திரும்பத் திரும்பப் போனதற்குக் காரணம் வேறு.

முதல் ஐந்து நிமிடம் எல்லோருக்கும் தெரிந்த ஏதாவது ஆங்கிலப் பாட்டைப் பாடுவார்கள். ஆட வந்தவர்கள் ஆடுவார்கள். பிறகு பாடுவதை விட்டுவிட்டு வாசிக்க மட்டும் செய்வார்கள். அந்த வாசிப்பில் எங்கே போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஆட வந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து சோடா குடிக்கத் தொடங்குவார்கள். போன வாரம் போன வழியில் இந்த வாரம் போக மாட்டார்கள். சில வாரங்களில் எங்கும் போய்ச் சேரவும் மாட்டார்கள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் சிங்கப்பூரிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, கப்பலில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் டேப் ரெக்கார்டர் கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே டேப் சுற்றிய இரண்டு ஸ்பூல். ஒன்றில் அவருடைய பேச்சு. இன்னொன்று காலி. அதில் நாங்கள் பேசி, நண்பர் அடுத்த முறை வரும்போது கொடுத்துவிட வேண்டும். "பேசுவோம், பேசுவோம்" என்றார் அப்பா. அம்மா மைக்கைப் பார்த்தாலே அடுப்படிக்குப் போய்விடுவாள். மெஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை நான்தான் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தாராவியில் எங்கள் சந்தில் இதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன்.

காலி ஸ்பூல் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

மூன்று ஞாயிறுகள் பதிந்தேன். மாமாவின் பேச்சை அழிக்க முடியாது, மிச்சம் இருந்தது ஒரே ஸ்பூல் என்பதால் புதியதைப் பதிய வேண்டுமானால் பழையது போக வேண்டும். புதியது மேலானதா என்று பதிந்த பிறகுதான் தெரியும். அப்போது ஒப்பிடப் பழையது இருக்காது. முதல் இரண்டையும் இப்படித்தான் இழந்தேன். மூன்றாவதற்குப் பிறகு மெஷினைத் தூக்கவில்லை.

மூன்றாவதில் பதினேழாவது நிமிடம் டிரம் நின்றுவிடுகிறது. குச்சி கைநழுவியது என்று தோழி பிறகு சொன்னாள். மற்றவர்கள் நிறுத்தவில்லை. கிடார் மட்டும் தனியாக, இருட்டு அறையில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல் போகிறது. யாரோ சோடா பாட்டிலை வைக்கிற சத்தம் கேட்கிறது. வெளியே லோக்கல் ரயில் போகிறது. கிடார் அந்த ரயிலின் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. ரயில் போன பிறகும் விடவில்லை. டிரம் அதற்குள் வந்து சேருகிறது. அதிலிருந்து கடைசிவரை, ஒன்பது நிமிடம், நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பா வந்து, மாமாவின் கப்பல் நண்பர் மறுநாள் காலை வருகிறார் என்றார்.

"அதுல என்னமோ தகர டப்பா சத்தமெல்லாம் பிடிச்சு வச்சிருக்கியே, அத அழிச்சிரு புள்ள."

கடைகள் மூடியிருந்தன. வேறு ஸ்பூல் கிடைக்காது. ஆனால் புத்தகத்தில் டேப்பை வெட்டுவது பற்றி ஒரு பக்கம் இருந்தது. பேசப் பேசப் பழையது அழிந்துகொண்டே வரும். இவர்கள் பதினேழாவது நிமிடத்துக்கு முன் பேசி முடித்தால், அந்த இடத்தில் வெட்டி, பேச்சை மட்டும் சிங்கப்பூருக்கு அனுப்பலாம். மிச்சம் எனக்கு. கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

அப்பா சிங்கப்பூருக்கே கேட்கும்படி கத்தினார். "மாப்ள! எல்லாரும் நல்லா இருக்கோம்! நீ நல்லா இருக்கியா! சரி!" ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவை எனக்கு அன்றுபோல் என்றும் பிடித்ததில்லை.

அம்மா மைக்கின் முன் உட்கார்ந்தாள். "ஏலே தம்பி, அக்கா பேசுதேன். கேக்குதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"பதில் வராதும்மா. நீ பேசு."

"வராதா? அப்ப நல்லதாப் போச்சு."

பேசத் தொடங்கினாள். தண்ணீர்க் குழாயில் நடந்த சண்டை, அதில் யார் யாரை என்ன சொன்னார்கள், இவள் என்ன சொன்னாள், என்ன சொல்லியிருக்க வேண்டும் எல்லாம் வந்தது. ஆறு நிமிடம். மழையில் ஒழுகிய கூரை. பத்து நிமிடம். நான் ஸ்பூலின் கனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ கோவிச்சுக்கிட்டுப் போன அன்னைக்கி நான் கறி ஆக்கிருந்தேன்ல. உங்க அத்தான் உன்னைய அப்படிப் பேசுனது தப்புதான்."

அப்பா இருமினார்.

"நீங்க இருமாதிய, அதுவும் டேப்புல விழுந்துரும். அந்தக் கறிய போசியில எடுத்துக்கிட்டு தாதர் டேசனுக்கு வந்தேன் தம்பி. உள்ள வர டிக்கெட்டு எடுக்கணும்னு நான் கண்டேனா? டிக்கெட்டு பாக்குற டிசி பிடிச்சுக்கிட்டான். அவன் பேசுதது எனக்கு வெளங்கல, நான் பேசுதது அவனுக்கு வெளங்கல. நீ அந்தா வண்டியில உக்காந்திருக்க. ஒரு சத்தம் போட்டிருந்தா திரும்பிப் பாத்திருப்ப. நான் தோல் கிடங்குலேருந்து நேரா வந்தவ, சீலையெல்லாம் அந்த நாத்தம். உன் பக்கத்துல வெள்ளச் சட்டக்காரனுவ. கூப்பிடல. அந்தக் கறிய டிசிதான் தின்னான்."

மாமாவுக்குக் கடிதம் எழுதுகிறவள் நான்தான். அம்மா தாதர் என்று ஆரம்பித்த நாட்கள் உண்டு. "அதெல்லாம் எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டு 'அனைவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல்' என்று முடித்திருக்கிறேன். சுருக்கமாக எழுதுவது படித்தவர்களின் அடையாளம் என்று நினைத்திருந்தேன்.

பதினாறாவது நிமிடம் வந்தது. அம்மா நிறுத்தி மூச்சு வாங்கினாள். போதும் என்று அப்பா கைகாட்டினார். என் விரல் நிறுத்தும் பொத்தான்மேல் இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். "என்னட்டி, தீந்துட்டா?"

"இல்லம்மா," என்றேன். "இன்னும் டேப் இருக்கு."

"அப்புறம் தம்பி," என்றாள் அம்மா.