பக்கத்துக் கட்டில் ஜரீனா அக்கா

பொத்தேரியில் வேலை முடிந்து ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் எம்.எஸ். என்ற நரம்பு நோய் உள்ள நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் குரல் செய்தியைக் கேட்டேன். ஜரீனா அக்காவின் தம்பி பேசியிருந்தார். "அக்கா மதியம் தவறிட்டாங்க. நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. இன்னிக்கே அடக்கம்." தாம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

உங்களில் பலருக்கு அவர் மார்க்கெட்டில் பள்ளிக்கூடப் பைகள் விற்றவர். எனக்கு அவர் பக்கத்துக் கட்டில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்துக்கு எங்கள் முறை ஒரே நாளில் வரும்.

முதல் தடவை மருந்து இறங்கத் தொடங்கியதும் எனக்குக் காதுக்குள் அரித்தது. பிறகு தொண்டை. சிஸ்டர் வேறொருவருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான். ஆஸ்பத்திரியில் யாரையும் குரல் கொடுத்துக் கூப்பிடும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. எச்சிலை விழுங்கியபடி படுத்திருந்தேன்.

"சிஸ்டர்! இங்க வாங்க, மூஞ்சியெல்லாம் சிவந்து போய்க் கீது!" என்று கத்தியது பக்கத்துக் கட்டில். மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, பிறகு மெதுவாகச் சொட்டவிட்டார்கள். "இந்தப் பொண்ணு செத்தாக்கூட சாரி சொல்லிட்டுத்தான் சாவும்" என்றார் அக்கா. சிஸ்டரும் சிரித்துவிட்டார். "அரிச்சா அரிக்குதுன்னு சொல்லுடி. இதுல இன்னா வெக்கம்?"

அந்த மருந்து அக்காவுக்கு நன்றாகக் கேட்டது. அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர், எழுந்து நின்று, நீளக் கம்பால் உத்தரத்துக் கொக்கியிலிருந்து பைகளை இறக்கினார். ஒருநாள் நான் கடைக்குப் போனபோது, ஒரு பை போதும் என்று சொல்லியும் வரிசையாக இறக்கிக்கொண்டே இருந்தார். "நீ வாங்க வேணாம். சும்மா பாரு" என்றார்.

போன வருடம் ஒருநாள், பாதி மருந்து இறங்கியிருந்தபோது, அக்கா சட்டென்று பேச்சை நிறுத்தினார். முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டார். அதற்குள் பார்த்துவிட்டேன். கையெங்கும் தடித்துத் தடித்து இருந்தது.

"அக்கா, சொல்லுங்க."

"சும்மா இரு. தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. எனக்கு இது ஒண்ணுதான்டி கேட்டுது." குரல் கரகரத்தது. இருமினார். உதடு வீங்கத் தொடங்கியிருந்தது. தலையை ஆட்டி வேண்டாம் என்று கெஞ்சினார்.

நான் கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. சிஸ்டர்கள் ஓடிவந்து குழாயை மூடி, தொடையில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் மூச்சே நின்றிருக்கும் என்றார் டாக்டர். இனி அந்த மருந்தை அவருக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. மாற்றிக் கொடுத்த மருந்து கேட்கவில்லை. முதலில் கால்கள் போயின, பிறகு கைகள். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டார். நீங்கள் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து குழுவில் எழுதியதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நானும் போனேன். படுக்கையில் இருந்தார். சுவரைப் பார்த்தபடியே, "நீ கூப்ட்டது சரிதான்" என்றார். "ஆனா எனக்குக் கோவம் போகலடி. போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்." பிறகு தம்பி மனைவியைக் கூப்பிட்டு, "இவளுக்குச் சாப்பாடு போடு, வாயத் தொறந்து கேக்க மாட்டா" என்றார். அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் எனக்கு மருந்து ஏற்றும் நாள். பக்கத்துக் கட்டிலில் யார் இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன். தேவைப்பட்டால் கத்துவேன். அவரும் அதன் பிறகு என்னோடு பேசாமல் போகலாம்.