பதினேழாம் இலக்க ஆமை

ஆமையே இல்லாத நாட்டில் ஆமை ஆராய்ச்சி செய்கிறவள் என்று டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் தமிழர்கள் யசிந்தாவைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் இருபது வருடமாக அவள் பார்ப்பது, ஆமை ஓட்டில் ஒட்டிய கருவிகள் செயற்கைக்கோள் வழியே அனுப்பும் புள்ளிகளை. ஒன்றைக்கூட மாற்றி எழுதியதில்லை. கல்யாணம் கூடிவரவில்லை. கூட வேலை செய்பவர்கள் நாலு மணிக்கே வீட்டுக்குப் பறந்துவிடுவார்கள். தமிழில் கதைக்க மிஞ்சியது அப்பா லோரன்ஸ் மட்டும்தான். இக்காஸ்ட் துணி ஆலையில் முதுகொடிய உழைத்து ஓய்ந்தவர். ஞாயிறு பூசை முடிந்ததும் போன் எடுப்பார்.

"உன்ரை ஆமையள் சுகமோ?"

மகளின் சுகமெல்லாம் அதற்குப் பிறகுதான். அவரோடு அவள் டேனிஷ் பேசினால் மட்டும் பொல்லாத கோபம் வரும்.

மார்ச் மாதம் பதினேழாம் இலக்க ஆமை சொந்த ஊரான மன்னாரில் கரையேறியது. இரண்டு வருடத்துக்கு முன் அவளே அங்கே போய்க் கருவி ஒட்டிய ஆமை. முட்டையிட வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். ஆனால் புள்ளி கடலுக்குத் திரும்பவில்லை. மூன்று நாளாக ஒரே இடம். வரைபடத்தைப் பெரிதாக்கினாள். தேவாலயம், கிணறு, பக்கத்தில் சித்தப்பா வீடு.

அந்த வாரம்தான் அம்மாவின் ஆண்டு நினைவுக்குச் சித்தப்பா வீட்டில் சாப்பாடு கொடுத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த கறிச்சட்டிப் படத்துக்கு, ஆட்டிறைச்சி என்று நினைத்து, அவளும் ஒரு இதயம் போட்டிருந்தாள். அப்பாவுக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, அந்தக் கறி ஆமையோ?"

"ஓம் பிள்ளை. கொம்மாவுக்கு விருப்பமெண்டு நான்தான் சொன்னனான். எழுதிப்போடாதை. பொலிஸ் தம்பியைக் கொண்டுபோயிடும். தொடர்பு அறுந்துபோச்செண்டு போடன். ஆர் பாக்கப்போகினம்?"

"நான் பாப்பன், அப்பா."

சொல்லிவிட்டாளே தவிர, இரண்டு நாள் கை ஓடவில்லை. ஏழு வயதில் அவளும் அம்மா ஊட்ட ஊட்ட அதே கறியைத் தின்றவள்தான். யாரிடம் போய் அழுவது? ஓல்போர்க்கில் இது யாருக்கு விளங்கும்? மூன்றாம் நாள், பிடித்துக் கொல்லப்பட்டது என்று எழுதி, இடத்தையும் குறித்து இலங்கை வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அனுப்பினாள்.

சித்தப்பாவைப் பொலிஸ் கூட்டிப்போனது. அந்த ஞாயிறு போன் வரவில்லை. மாலைவரை பார்த்துவிட்டு அவளே எடுத்தாள்.

"அப்பா, நான் யசிந்தா."

அவர், நகரசபை அலுவலகத்தில் பேசுவது போல மரியாதையாக, டேனிஷில், இப்போது நேரமில்லை, மன்னிக்கவும் என்றார்.