தராசில் ஏறிய சமையல்காரன்

1. பையைத் திற

பிரான்சில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பகல் மூன்று மணிக்கு, என் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்து காட்டினேன்.

2009 கடைசியில் வன்னியிலிருந்து வந்தவன் நான். சோதனைச் சாவடிக்குச் சாவடி பை திறந்து கை பழகியிருந்தது. யார் கேட்டாலும் ஜிப்பை இழுத்துவிடும். அன்றைக்கு ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக இன்றும் எனக்கு என்மேல்தான் கோபம்.

கேட்டவர் முதலாளி மகேந்திரம். எண்பதுகளில் வந்து கோப்பை கழுவி, பிறகு சாப்பாட்டுக் கடை எடுத்தவர். நாற்பது பேர் இருந்து சாப்பிடலாம். பின்னால் குசினி, சமையலறை. மூன்றிலிருந்து ஆறு வரை எங்களுக்கு கூப்பூர், இடைவேளை. நாங்கள் வெளியே போகும் நேரம் அவர் பின்கதவில் நிற்பார்.

“தம்பி, பையைத் திறவும். குறை நினையாதையும், எல்லாருக்கும் ஒரே சட்டம்.”

எல்லாருக்கும் என்றால் மூன்று பேர். நான் இரண்டாவது சமையல். முதல் சமையல் குணமண்ணை, பத்து வருடமாக அங்கே நிற்பவர், வதிவிட அனுமதிக் கார்ட் உள்ளவர். கோப்பை கழுவுவது சசி, மட்டக்களப்பு, மூன்று பிள்ளைகளை ஊரில் விட்டு வந்தவர். ஒருநாள் சசியின் பையில் இரண்டு வடை இருந்தது. காலையில் பொரித்து, மீந்து, குப்பைக்குப் போகவிருந்த வடை. முதலாளி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“இண்டைக்கு வடை. நாளைக்குச் சட்டியோடை கொண்டுபோவீர்.”

சசி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானும் நின்றேன்.

குசினியில் கறிவேப்பிலைக்குப் பூட்டு. விமானத்தில் வருகிற சாமான், விலை கூட, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சட்டிக்கு ஆறு இலை. ஏழாவது இலைக்கு விளக்கம் சொல்ல வேண்டும். புகை இழுக்கிற காத்தாடியைக் கரண்ட் மிச்சம் என்று நிறுத்திவிடுவார். கோடையில் ஆறு அடுப்பும் எரியும்போது அந்த அறையில் நின்று பாருங்கள், தெரியும்.

இவ்வளவையும் ஏன் பொறுத்தேன்? ஒரு போர்முக்காக, ஒரு படிவத்துக்காக. என் அகதி விண்ணப்பம் இரண்டு முறையும் தள்ளுபடி. மிச்சம் ஒரே வழி, வேலையைக் காட்டி, குடிவரவு அலுவலகமான பிரிபெக்சூரில் விசா கேட்பது. அதற்கு முதலாளி ஒரு போர்மில் கையெழுத்து வைக்க வேண்டும். நான் நிரப்பிக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

“வைப்பம் தம்பி, வைப்பம். என்ன அவசரம்? போர்ம் பத்திரமாய் இருக்கு.”

பத்திரமாகத்தான் இருந்தது. எவ்வளவு பத்திரம் என்று பிறகு பார்த்தேன்.

2. செருப்பை மிச்சம் பிடிக்கிற கிழவன்

ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் ஒரு நாடகக் குழு ஒத்திகை பார்த்தது. மத்தியானச் சாப்பாடு எங்கள் கடையில். கொண்டுபோய்க் கொடுப்பது நான். குழுவை நடத்தியவர் ஒடில் என்ற பிரெஞ்சுக்காரி. அறுபது வயது இருக்கும், பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்தவர். எந்த நேரமும் கையில் ஒரு பென்சில்.

ஒருநாள் கேட்டார்: “இதைச் சமைக்கிறது யார்?”

“நான்.”

“வெங்காயம் வேகமாய் வெட்டுவீங்களா?”

மேசையில் ஒரு வெங்காயம் வைத்தார். வெட்டிக் காட்டினேன். குழு கைதட்டியது. இதற்கெல்லாம் கைதட்டுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவர்கள் செய்தது பழைய ரோமாபுரிக் காலத்துப் பகிடி நாடகங்களின் பாணியில் அவர்களே எழுதிய ஒன்று. அந்த நாடகங்களில் ஆட்கள் எப்போதும் ஒரே வகைதானாம். கருமிக் கிழவன், கெட்டிக்கார அடிமை, ஓசிச் சாப்பாட்டுக்கு அலைகிறவன், சந்தையில் வாடகைக்குப் பிடித்து வந்த சமையல்காரன். முகமூடியைப் பார்த்ததுமே சனத்துக்கு இன்னார் என்று தெரிந்துவிடும்.

சமையல்காரன் வேடத்துக்கு ஆள் இல்லை. மேடையில் உண்மையாக வெங்காயம் வெட்ட ஒருவர் வேண்டும். ஆறே வசனம், கூப்பூர் நேரத்தில் ஒத்திகை. ஒத்துக்கொண்டேன். அதுவரை அந்த மூன்று மணித்தியாலத்தில் என்ன செய்தேன்? பார்க்கில் இருந்து புறா பார்த்தேன்.

ஒடில் எழுதிய கருமி ஒரு நாள் வலது செருப்பைப் போடுவான், அடுத்த நாள் இடது செருப்பைப் போடுவான். இரண்டையும் ஒரே நாளில் தேய்க்க மனம் வராது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முதலாளியின் காத்தாடி ஞாபகம் வந்தது.

“இவன் காசில்லாதவனா?” என்று கேட்டேன்.

“இல்லை, நிறைய இருக்கு. ஆனா தொடமாட்டான். ஒளிச்சு வைப்பான். பேராசைக்காரன் இன்னும் வேணும் எண்டு ஓடுவான். கருமி உள்ளது போயிடும் எண்டு நடுங்குவான். ரோம்காரர் ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிச்சாங்கள்.”

“சமையல்காரனை?”

“அவனையும். அந்த நாடகங்களிலை சமையல்காரன் எப்பவும் கள்ளன்.”

எனக்குச் சூடேறிவிட்டது. “அதை எழுதினவன் ஒருநாளாவது அடுப்படியிலை நிண்டவனோ?” என்று கேட்டேன். என் பிரெஞ்சில் அது எவ்வளவு மரியாதையாக வந்ததோ தெரியாது. பிறகு மூன்று மணிப் பைச் சோதனையைச் சொன்னேன். இரண்டு வடையையும் சொன்னேன். ஒடில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

அடுத்த வாரம் நாடகத்தில் புதிதாக ஒரு தராசு வந்திருந்தது. மரத்தில் செய்த பெரிய தராசு. கருமி சமையல்காரனை உள்ளே வரும்போது ஒருமுறை நிறுப்பான், போகும்போது ஒருமுறை நிறுப்பான். நிறை கூடினால் தின்றுவிட்டான் என்று அடி. கடைசியில் எல்லாரும் ஒற்றுமையாகி விருந்து. கருமி மனம் மாறி ஒரு துண்டு இறைச்சி கொடுப்பான், சமையல்காரன் குனிந்து கும்பிட்டு வாங்குவான்.

“கும்பிட மாட்டன்,” என்றேன்.

“இது பகிடி நாடகம். முடிவிலை சமாதானம் வேணும்.”

“சமைச்சது நான். என்ரை இறைச்சியை எனக்குத் தாறதுக்கு நான் என்னத்துக்குக் கும்பிட வேணும்?”

ஒடில் யோசித்தார். அந்தக் காலத்தில் மேடையில் நடித்தவர்களிலேயே அடிமைகள் இருந்தார்களாம். இரண்டு மணித்தியாலம் எசமானைப் பேய்க்காட்டி ஏமாற்றிவிட்டு, முடிந்ததும் பழையபடி அடிமையாகப் போவார்களாம். அதைச் சொல்லிவிட்டு, “சரி, கும்பிட வேண்டாம்,” என்றார். ஆனால் அடி இருந்தது.

3. இலவசம்தானே?

இங்கேதான் நான் பெரிய பிழை விட்டேன். முதலாளியை நாடகத்துக்குக் கூப்பிட்டேன். தன்னைத் தானே மேடையில் பார்த்தால் வெட்கப்படுவார், வெட்கத்தில் கையெழுத்து வைப்பார் என்று நம்பினேன். குணமண்ணை அப்போதே சொன்னார்.

“உனக்கு விசரடா. அந்தாள் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு தலை இழுக்கிறவர். தன்னைத் தெரியாமலோ இவ்வளவு காலம் இருக்கிறார்?”

முதலாளி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்.

“இலவசம்தானே?”

“ஓம் அண்ணை.”

“குடிக்க ஏதும் குடுப்பினமோ?”

ஞாயிறு பின்னேரம் வந்தார். முன்வரிசையில் இருந்தார். செருப்புக் காட்சியிலேயே தொடையில் தட்டிச் சிரித்தார். தராசுக் காட்சியில் நான் அடி வாங்கும்போது கண்ணீர் துடைத்துச் சிரித்தார். மண்டபத்திலேயே அவருடைய சிரிப்புத்தான் பெரிது. நான் கும்பிடாமல் நிமிர்ந்து நின்றதை அவர் கவனிக்கவே இல்லை. முடிந்ததும் என்னிடம் வந்தார், கையில் இலவச ஜூஸ் இரண்டு.

“நல்லாய் நடிச்சனீர். அந்தக் கிழவன் சரியான விசரன், என்ன? ஒற்றைச் செருப்போடை!” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா அந்தத் தராசு நல்ல யோசினை.”

நான் பகிடி என்று நினைத்தேன்.

4. ஒரு கிலோ இருநூறு

திங்கள் கடை லீவு. செவ்வாய் காலை போனால் பின்கதவடியில் தராசு. அரிசி மூட்டை நிறுக்கிற எங்கள் சொந்தத் தராசு. ஸ்ரோர் அறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து வைத்திருந்தார்.

“வரேக்கை பையை நிறுக்கிறது, போகேக்கை நிறுக்கிறது. திறந்து கிளறுற வேலை இல்லை. உங்களுக்கும் மரியாதை.”

எங்களுக்கு மரியாதையாம்! சசி என்னைப் பார்த்தார். “மச்சான், நீதானே நாடகம் காட்டினாய்?” என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு ஒன்று தோன்றியது. பையைக் கீழே போட்டுவிட்டு நானே தராசில் ஏறினேன்.

“பையை மட்டும் ஏன் அண்ணை? வயித்துக்குள்ளை போட்டுக்கொண்டு போனால்? ஆளையே நிறுங்கோ.”

அறுபத்தெட்டு கிலோ நானூறு. சுவரில் மார்க்கரால் எழுதினேன். சசியும் ஏறினார். குணமண்ணை சிரித்துக்கொண்டே ஏறினார். முதலாளிக்கும் அது பிடித்திருந்தது. தன் சட்டத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு நல்ல வெயில். காத்தாடி நிறுத்தி. ஆறு அடுப்பு. மத்தியானம் மேசை நிரம்பி வழிந்தது. தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இல்லை. மூன்று மணிக்கு, வேர்த்து ஊறின சட்டையை மாற்றிக்கொண்டு, மூன்று பேரும் திரும்ப ஏறினோம்.

நான் அறுபத்தேழு கிலோ இருநூறு. குணமண்ணைக்கு ஒரு கிலோ குறைவு. ஆவிக்குள் நின்ற சசிக்கு ஒன்றரைக் கிலோ குறைவு.

“அண்ணை,” என்றேன், “என்ரை உடம்பிலை ஒரு கிலோ இருநூறு குறையுது. எங்கை போயிட்டுது? இஞ்சை வந்த நேரம் இருந்தது. இனி உங்கடை பையைத் திறவுங்கோ.”

குணமண்ணை வெடித்துச் சிரித்தார். சசி சிரிக்கவில்லை. வடை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக முதலாளியின் முகத்தை நேரே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலாளியின் முகம் கறுத்தது. “கனக்கக் கதையாதையும். உம்மடை போர்ம் என்னட்டைத்தான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்.”

எட்டு மாதம் அவர் வாயால் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டார். அதுவரை நான் பயந்துகொண்டு இருந்ததும் அந்த வசனத்துக்குத்தான். அது வந்த பிறகு பயப்பட ஒன்றும் மிஞ்சவில்லை.

“நல்லாய் ஞாபகம் இருக்கு. அதை இப்ப எடுங்கோ. ஆறு மணிக்கு எண்பது பிரியாணி ஓடர். கையெழுத்து இல்லையெண்டால் அடுப்பு இல்லை.”

“போனால் போம். லாச்சப்பல் முழுக்கச் சமையல்காரர்.”

“மூண்டு மணித்தியாலத்திலை எண்பது பிரியாணிக்கு ஆள் பிடியுங்கோ பாப்பம்.”

அப்போது குணமண்ணை ஏப்ரனைக் கழற்றித் தராசில் போட்டார். கார்ட் உள்ள மனிதர். அவருக்கு என் போர்மால் ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை. போட்டார். சசியும் கழற்றினார். அந்தாள் கழற்றியதுதான் பெரிது. அவரிடம் கார்டும் இல்லை, ஊரில் மூன்று பிள்ளைகள்.

முதலாளி தராசில் கிடந்த ஏப்ரன்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தார். நீல நிற, வட்டத் தகரம். திறந்தார்.

ஒரு போர்ம் இல்லை. ஒன்பது போர்ம். என்னுடையது மேலே. அடுத்தது சசியின்ரை. மற்ற ஏழும் எனக்கு முந்தி வேலை செய்தவர்களுடையவை. கீழே இருந்தவை மஞ்சளடித்திருந்தன. ஒன்றிலும் கையெழுத்து இல்லை. ஒரு பெயரைக் குணமண்ணை விரலால் தொட்டார்.

“இவனைத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒடிலின் கருமி பொன்னை ஒளித்தான். எங்கள் ஆள் ஒளித்தது கையெழுத்து. வைத்தால் ஒரு சொட்டு மை. ஆனால் வைத்தால் நாங்கள் வேறு வேலை தேடிப் போய்விடுவோம். அதனால் தகரத்தில் போட்டு மூடி வைத்திருந்தார்.

“பேனை இல்லை,” என்றார்.

என் சட்டைப் பையிலிருந்த பேனையை நீட்டினேன். என்னுடையதில் வைத்தார். சசியின்ரையைத் தள்ளினேன். அதிலும் வைத்தார். தகரத்தை மூடினார். என் பேனையைத் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டு திரும்பினார்.

“அண்ணை, பேனை. அது என்ரை.”

திருப்பித் தந்தார். ஆறு மணிக்கு எண்பது பிரியாணியும் போனது. காத்தாடியை நானே போட்டேன்.

5. புதிதாய் வந்திருக்கிற ஆட்களுக்கு

கார்ட் வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. வந்த அடுத்த மாதம் வேலையை விட்டேன். இப்போது ஆர்ஜொந்தெயில் ஒரு பள்ளிக்கூடக் கன்ரீனில் சமைக்கிறேன். போகும்போது என் பையை ஒருவரும் பார்ப்பதில்லை.

ஒடிலுக்கு நடந்ததைச் சொன்னேன். அடுத்த தடவை நாடகம் போட்டபோது அடியை எடுத்துவிட்டார். தராசில் சமையல்காரன் நிறை குறைந்து இறங்குவான். சனத்தின் சிரிப்பு கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. எனக்கு அது காணும், போதும்.

முதலாளிக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வா, பழம் ஏதும் கொண்டுபோ என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். போகவில்லை. போகவும் மாட்டேன். எட்டு மாதம் அமுக்கி வைத்ததற்கு நன்றியா? கீழே கிடந்த அந்த ஏழு பேரும் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

நான் படித்தது இதுதான். கருமியை நாடகம் போட்டுத் திருத்த முடியாது. அவன் காசு கொடுக்காமல் வந்து, சிரித்துவிட்டு, தராசை மட்டும் எடுத்துக்கொண்டு போவான். அவனுக்கு வெட்கம் வரும் என்று காத்திருந்தால் உங்கள் போர்மும் மஞ்சளடிக்கும். பக்கத்தில் நிற்கிறவன் ஏப்ரன் கழற்றுவானா என்று முதலில் பாருங்கள். அவனுக்காக நீங்கள் கழற்றத் தயாரா என்றும் பாருங்கள். பையைத் திற என்றால் ஏன் என்று கேளுங்கள். போர்மை முதல் வாரமே நீட்டுங்கள். பேனையை நீங்களே கொண்டுபோங்கள்.

திருப்பி வாங்க மறக்காதீர்கள்.