மைன்ஸ் ஆளும் பிளாண்ட் கேஸும்

பன்றிக் காய்ச்சல் பரவிய வருஷம், என் சிறுநீர்க் குழாயில் சிக்கியிருந்த ஒரு கல்லை எடுக்க டாக்டர் நாள் குறித்திருந்தார். சொன்ன நாளில், காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல், துண்டும் லுங்கியும் வைத்த பையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். மனைவியும் கூட வந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் முகமூடி போட்ட நர்ஸம்மா ஒருவர் கதவைத் திறந்தார். "பிளாண்ட் கேஸ் எல்லாம் இப்ப கிடையாது. காய்ச்சல் அடங்கினப்புறம் சொல்லி அனுப்புவோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். காத்திருந்தவர்களில் சிலர் எழுந்து போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

நெய்வேலியில் வேலை பார்ப்பவர்களை நாங்கள் இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவோம். நிலக்கரி தோண்டுகிற இடத்தில் இருப்பவன் மைன்ஸ் ஆள். அதை எரித்து மின்சாரம் எடுக்கிற இடத்தில் இருப்பவன் பிளாண்ட் ஆள். நான் மைன்ஸ். கரி கொண்டுபோகிற பெல்ட்டில் இருந்து சிந்துகிற மண்ணையும் கரியையும் வாரிப் போடுகிற வேலை. பிளாண்ட் ஆட்களை அனுப்பிவிட்டார்கள், இனி நம்மைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களை மட்டும் ஏன் அனுப்ப வேண்டும் என்றும் யோசித்தேன். சாம்பல் தூசி நெஞ்சில் தங்கியிருக்கும், காய்ச்சல் அவர்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் போல என்று நானே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்தேன். மனைவியிடம் சொன்னபோது அவளும் ஒத்துக்கொண்டாள். "அதான் அந்தப் பக்கம் எப்பவும் பொகையா கீது" என்றாள்.

மத்தியானம் வரை அப்படியே இருந்தோம். உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வராது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்பது ஒரு பக்கம்; பிறவியிலேயே கூச்சம் என்பது இன்னொரு பக்கம். வந்த நோயும் கூச்சப்பட வைக்கிற நோய். முதுகில் ஆரம்பிக்கிற வலி எங்கே இறங்கிப் போய் முடிகிறது என்பதை முதல் தடவை போனபோது டாக்டரிடம் சொல்லாமலே திரும்பி வந்திருக்கிறேன். ஷிப்டில் கேட்டவர்களிடம் முதுகுப் பிடிப்பு என்று சொல்லிவைத்தேன். ஒருவர் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனம் நோகக் கூடாது என்று அதையும் தேய்த்துக்கொண்டேன்.

கதவைப் பூட்ட வந்த நர்ஸம்மா எங்களைப் பார்த்து நின்றார். ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டார்.

"நாங்க மைன்ஸுங்க" என்றாள் மனைவி.

"மைன்ஸா இருந்தா என்னம்மா?"

"பிளாண்ட் ஆளுங்களத்தான போவச் சொன்னீங்க. இவரு காலையில இருந்து பட்டினியா குந்திகினு கீறாரு."

நர்ஸம்மாவின் வாய் தெரியவில்லை, கண் மட்டும் சுருங்கியது. டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்புறம்தான் விளங்கியது. முன்னாலேயே நாள் பார்த்துச் செய்கிற ஆபரேஷனுக்கு ஆங்கிலத்தில் 'பிளான்டு' என்று பேராம். காதில் விழும்போது பிளாண்ட் மாதிரியே இருக்கிறது.

டாக்டர் நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே வளர்ந்தவர். பெல்ட்டுக்கு ஷட்டவுன் எடுப்பது உண்டா என்று கேட்டார். உண்டு, நாள் குறித்து நிறுத்திப் பழுது பார்ப்போம் என்றேன். பெல்ட் அறுந்துவிட்டால் அதற்கு என்ன பெயர் என்றார். பிரேக்டவுன் என்றேன். "உங்க கல்லு இப்ப ஷட்டவுன் வேலை. தள்ளிப் போடலாம்" என்று சொல்லிவிட்டு, காரணத்தையும் சொன்னார். தொற்று உடம்பில் நுழைந்ததும் வெளியே தெரியாதாம். நன்றாக இருக்கிறான் என்று நம்பி மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தால், அப்புறம் நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்கே ஆபத்தாகலாம். தொற்று இல்லாதவனுக்கு வார்டில் படுத்திருக்கும்போது ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ அது பிரேக்டவுன், அப்போது ஒரு நிமிஷமும் வீட்டில் இருக்கக் கூடாது என்றார்.

அந்த இடத்தில் எனக்கு ஒன்று இடித்தது. டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"காய்ச்சல் இருந்தா ஆபரேஷன் கூடாதுங்கிறீங்க. காய்ச்சல் வந்தா உடனே ஓடி வாங்கன்னு சொல்றீங்க. அது எந்தக் காய்ச்சல்னு எப்படிங்க தெரியும்?"

அவர் முகமூடியைச் சரிசெய்துகொண்டார். "உங்களுக்குத் தெரியாது. பாத்த உடனே எனக்கும் தெரியாது. அதனால வாசல்லயே கல்லு இருக்குன்னு சொல்லிடுங்க. சொல்லலைன்னா சளிக் காய்ச்சல்னு மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க. அதுக்குள்ள கிட்னி கெட்டுப் போயிடும்."

வீட்டுக்கு வந்த பிறகு வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் யார் தும்மினாலும், இது தூசித் தும்மலா, அந்தத் தும்மலா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்து வேலைக்கு வரும் ஒருவர், காய்ச்சலுக்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி எடுப்பதையே விட்டுவிட்டார். ஆனால் இருமுகிறவர் குடித்து வைத்த தம்ளரில்தான் அவரும் டீ வாங்கிக் குடிப்பார். மனைவி வாழைத்தண்டுச் சாறு கொடுத்தாள். போகும்போதும் வரும்போதும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் பல் கிட்ட ஆரம்பித்தது. வெயில் காய்ந்துகொண்டிருந்தது, எனக்குக் குளிரெடுத்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வாசலிலேயே கயிறு கட்டி, காய்ச்சல்காரர்களுக்குத் தனிப் பந்தல் போட்டிருந்தார்கள். கூட வந்தவர்களுக்கு அனுமதி இல்லை. அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். கைக்குட்டை கட்டிய ஆணும் பெண்ணும் நிறைந்த வரிசையில் நான் போய் நின்றேன். கடைசியில் மேஜை போட்டு ஒருவர் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

"கல்லு இருக்குங்க" என்றேன் மெதுவாக.

"எள்ளா?"

"கல்லுங்க."

"கல்லு எங்கய்யா இருக்குது?"

வரிசை முழுக்கப் பேச்சை நிறுத்தியது. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் கை நீண்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக்கொண்டேன்.

"ஒண்ணுக்குப் போற குழாயில. ஆபரேஷனுக்கு நாள் வெச்சித் தள்ளிப் போட்டிருக்குதுங்க. இப்ப குளிர் காய்ச்சல்." என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்னா, சார்" என்று பின்னால் நின்ற பெண் நகர்ந்து வழி விட்டாள். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தார்கள், அந்த முடிவு வர நாளாகும் என்றார்கள். வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்ததில் கிட்னி வீங்கியிருந்தது. அதனால் டாக்டர் தொண்டை முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. எனக்கு அந்தக் காய்ச்சலும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, எல்லோரும் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வந்தார்கள். கல்லை இப்போது தொட மாட்டேன், அடைப்பைத் தாண்டி மெல்லிய குழாய் ஒன்றை மட்டும் வைக்கிறேன் என்றார். முழு மயக்கம் கொடுக்கவில்லை. கீழே மரத்துப்போக மருந்து வைத்தார்கள்.

கூச்சத்தில் கண்ணை மூடிக்கொள்வேன் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் சின்ன டிவி இருந்தது. அதில் உள்ளே விட்ட குழாய் ஒரு கோடாக, நரம்பு போல, கல்லின் நிழலைத் தொட்டு நின்றது. பிறகு விலகி மேலே ஏறியது. எரிச்சல் இருந்தும் நான் கண் எடுக்கவில்லை. கோடு உச்சிக்குப் போனதும் கீழே பாத்திரத்தில் ஏதோ இறங்கும் சத்தம் கேட்டது.

டாக்டர் குனிந்து பார்த்தார். "சீழ் கலந்து வருது. அன்னைக்குக் கேட்டீங்களே, எந்தக் காய்ச்சல்னு. இதுதான்."

காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. தொண்டையில் ஒன்றும் இல்லை என்று பிறகு முடிவு வந்தது. கிட்னி தப்பித்தது.

ஊரில் காய்ச்சல் ஓய்ந்த பிறகு, கல்லை எடுக்க வரச் சொல்லி அனுப்பினார்கள். அதே வராந்தாவில், அதே பையோடு போய் உட்கார்ந்தோம். நர்ஸம்மா கதவைத் திறந்து, பிளாண்ட் கேஸ் எல்லாம் உள்ளே வரலாம் என்றார். பக்கத்தில் இருந்தவர் பையைப் பிடித்துக்கொண்டு எழவே இல்லை. என் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"நான் ரெண்டாவது மைன்ஸுங்க" என்று அவர் என் காதருகே தயங்கிச் சொன்னார். "எங்கள எப்ப கூப்பிடுவாங்க?"

"எழுந்து வாங்க" என்றேன். "இங்க நாம எல்லாருமே பிளாண்ட்தான்."